பதின்மூன்று இலக்க எண்ணும் கணித மேதை இராமானுஜனும்



6 746 328 388 800 என்னும் இந்த எண்ணைச் சற்றே உற்று நோக்குங்கள். பதின்மூன்று இலக்கங்களைக் கொண்டது. நம் பள்ளிக் கணக்கு முறைப்படி இதனை ஆறு டிரில்லியன் எழுநூற்று நாற்பத்தாறு பில்லியன் முந்நூற்று இருபத்தெட்டு மில்லியன் முந்நூற்று எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு என்று படிக்க வேண்டும். தமிழகத்திலுள்ளோர் ஆறு இலட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு என்பர். எப்படிப் படித்தாலும் மூச்சு வாங்கத்தான் செய்கிறது!

இவ்வெண் 1915ஆம் ஆண்டில் இலண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில், ஒரு நெடிய பட்டியலின் இறுதி எண்ணாக அச்சேறியது. கணினியோ மின்கணக்கியோ இல்லாத அந்நாளில் அப்பட்டியலைத் தம் கையாலேயே கணித்து எழுதியவர் ஒரு தமிழர். அதற்கு ஓராண்டுக்கு முன் கடல் கடந்து இங்கிலாந்து சென்றவர். அதற்கும் முன்னர்ச் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்திற்குக் கிராணியாகப் பணி புரிந்தவர். அவரே சீனிவாச இராமானுஜன் ஆவார். அந்த எண்ணுக்குரிய சிறப்பு யாது என்பதைப் பின்னர்க் காண்போம். அதனைக் கண்டவரின் வரலாற்றை முதலில் அறிவோம்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் திங்கள் 22ஆம் நாள், ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் பெயர் சீனிவாச ஐயங்கார், தாயார் கோமளத்தம்மாள். காவிரி பாயும் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுவது தந்தையாரின் தொழில். அன்னையார் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுவார். சாரங்கபாணி கோயிலின் சன்னதித் தெருவில் அமைந்த சிறிய வீடு அவர்களுடையது. கடையில் கிடைத்த ஊதியம் குடும்பத்திற்குப் போதாமையால், கல்லூரியில் பயிலும் வெளியூர் மாணவர்கள் சிலருக்கு வீட்டிலேயே இடமளித்து உணவும் அளித்து வந்தனர். இந்த ஏழ்மையே பின்னர் ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. அம்மாணவர்களிடமிருந்த கணித நூல்கள் சிறுவன் இராமானுஜனின் கைக்கு எட்டின.

அக்காலத்தில்தான் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்துகொண்டிருந்தனர். 1896ஆம் ஆண்டில் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்பவர் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிகத்திற்கென ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டம் அதுவே என்பர். அதற்கு அடுத்த ஆண்டு நவம்பரில், கும்பகோணம் காங்கேயன் தொடக்கப்பள்ளியில் பயின்ற இராமானுஜன், தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினார். அப்பொழுது அவருக்குப் பத்து வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருந்தன. உங்களுள் நான்காம் ஆண்டில் பயில்வோரின் வயது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னர் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று ஆசிரியர் ஒருநாள் கற்பித்ததாகவும், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலும் ஒன்றுதான் வருமா என்று இராமானுஜன் எழுந்து வினவியதாகவும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. பழங்கள் இல்லாதபோது அவற்றை ஒருவருக்கும் பங்கிடாவிட்டால் ஆளுக்கு ஒன்று கிடைத்துவிடுமா என்பது அவருடைய ஐயம். பங்கிடுதல், வகுத்தல் ஆகியவை பற்றிய இந்தச் சிந்தனை அவரை வாழ்நாள் முழுவதும் விடவேயில்லை.

பதின்மூன்று வயதில் லோனி என்பார் எழுதிய முக்கோணவியல் நூலைத் தாமே கற்றுத் தேர்ந்தார். அது கல்லூரி மாணவர்களுக்குரிய நூல். 1903ஆம் ஆண்டில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த மற்றொரு நூல் அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் கணித உண்மைகளை வரிசையாக அடுக்கி வைத்த நூல் அது. விளக்கங்கள் பெரும்பாலும் இரா. பிறருக்கு அது வறண்ட நூலாகத் தோன்றியிருக்கலாம். இராமானுஜனோ ஒவ்வோர் உண்மையையும் தாமே நிறுவத் தொடங்கினார். நிறுவும்போதே நூலில் இல்லாத புதிய உண்மைகளும் அவருக்குப் புலப்பட்டன.

இந்தப் பேரார்வம் அவருக்குத் துன்பத்தையும் கொணர்ந்தது. 1904இல் கணிதப் பரிசு பெற்றுப் பள்ளியை விட்டார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். அங்கே கணிதம் ஒன்றையே நினைந்து பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகையை இழந்தார். கட்டணம் செலுத்த வீட்டில் வசதியில்லை. மனமுடைந்து வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரை ஓடிப்போனார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் முயன்றார். அங்கும் கணிதத்தில் முதன்மை. உடலியல் முதலிய பாடங்களில் தோல்வி. அடுத்த ஆண்டும் தேர்வு எழுதித் தோற்றார். பட்டம் இல்லை, பணியில்லை, பணமும் இல்லை. 1909ஆம் ஆண்டு ஜூலையில், அக்கால வழக்கப்படி, பத்து வயதே நிரம்பிய ஜானகி என்னும் சிறுமியை அவருக்கு மணம் முடித்து வைத்தனர்.

அந்நாளில் தாள் விலை மிகுந்த பொருள். எனவே இராமானுஜன் பெரும்பாலும் சிலேட்டுப் பலகையிலேயே கணக்கிட்டார். எழுதுவார், முழங்கையாலேயே அழிப்பார், மறுபடியும் எழுதுவார். துணி தேடி எடுத்துத் துடைக்க அவருக்குப் பொறுமையில்லை. முழங்கைத் தோல் கறுத்துத் தடித்துப் போயிற்றாம்! விடை கிடைத்த பின்னர் அதனை மட்டும் ஒரு குறிப்பேட்டில் பெயர்த்து எழுதுவார். வழிமுறைகள் எல்லாம் சிலேட்டோடு அழிந்து போயின. அக்குறிப்பேடுகளில் உள்ள முடிவுகளுக்கு வழிமுறை காண்பதற்குப் பிற்காலத்துப் பேராசிரியர்கள் பல பத்தாண்டுகள் உழைக்க நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்குறிப்பேடுகளைக் கையில் இடுக்கிக்கொண்டு அவர் வேலை தேடி அலைந்தார். 1910இல் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவரும் திருக்கோயிலூரில் துணைக் கலெக்டராக இருந்தவருமான இராமசாமி ஐயரைக் கண்டார். அவர் வழியாக நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் அறிமுகமானார். அப்பெருமகனார் சில காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1911இல் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. பிறர் தயவில் வாழ மனமில்லாமல், 1912ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்தில் கிராணி வேலையில் அமர்ந்தார். நம் தோட்டங்களில் கிராணியார் என்றால் ஒரு மதிப்பு உண்டு அல்லவா? சென்னைத் துறைமுகத்திலோ அவர் பலருள் ஒருவர். கணக்குப் பேரேடுகளைச் சரிபார்ப்பவர். ஆயினும் அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருடைய ஆற்றலை உணர்ந்து ஊக்கமளித்தனர்.

1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் இராமானுஜன் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் விடுத்தார். தாம் மிகக் குறைந்த ஊதியம் பெறும் எழுத்தர் என்றும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்றும் அதில் தெரிவித்து, தாம் கண்ட கணித முடிவுகள் பலவற்றையும் இணைத்திருந்தார். அறிமுகமற்ற ஒருவரின் கடிதம் அது. ஹார்டி முதலில் ஐயுற்றார். பின்னர் அன்று மாலையே தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்தார். நள்ளிரவுக்குள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தனர்: எழுதியவர் மாபெரும் மேதை, அவரை எவ்வாறேனும் கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்க வேண்டும். இதற்கிடையே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்து அவரைக் கிராணி வேலையிலிருந்து விடுவித்தது.

கடல் கடத்தல் ஆகாது என்பது அவர் பிறந்த குடும்பத்தின் நம்பிக்கை. தாயார் முதலில் இசையவில்லை. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றி மகனைத் தடுக்க வேண்டாமெனப் பணித்தார் என்றும், அதன்பின் தாயார் இசைந்தார் என்றும் கூறுவர். 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் குடுமியைக் களைந்து, ஐரோப்பிய உடை தரித்து, நெவாசா என்னும் கப்பலில் இராமானுஜன் புறப்பட்டார். ஏப்ரல் 14இல் இலண்டன் சேர்ந்து, பின்னர்க் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியை அடைந்தார். ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது.

இனி நம் பதின்மூன்று இலக்க எண்ணுக்கு வருவோம்.

விளையாட்டுப் போட்டி நாளன்று 24 மாணவர்களை அணி வகுக்கச் செய்வதாகக் கொள்வோம். இரண்டு வரிசை, மூன்று வரிசை, நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு என எப்படி நிறுத்தினும் ஒருவரும் மிஞ்சார். 23 பேர் வந்தாலோ ஆசிரியர் பாடு திண்டாட்டம்தான். ஒரே வரிசையாக நிறுத்தலாம், அல்லது ஆளுக்கு ஒரு வரிசையாக நிறுத்தலாம், வேறு வழியில்லை. 23 ஒரு பகா எண். அதற்கு 1, 23 என இரண்டே காரணிகள். 24க்கோ 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என எட்டுக் காரணிகள்.

எண்களைப் பகா எண், பகு எண் என்று பிரிப்பதை நீங்கள் வகுப்பில் கற்றிருப்பீர்கள். பெரும்பாலான கணித அறிஞர்களின் கண்கள் பகா எண்களையே நாடின. பகுபடாத முரட்டு எண்கள் அல்லவா அவை! இராமானுஜன் எதிர்த் திசையில் நோக்கினார். மிக மிக எளிதாகப் பகுபடும் எண்கள் எவை என்று வினவினார். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு மிகுதியான காரணிகளைக் கொண்ட எண்ணை உயர் பகு எண் என்று வகைப்படுத்தினார். 12க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை. எனவே 12 ஓர் உயர் பகு எண். 24 எட்டுக் காரணிகளுடன் அதனை வென்றது. 30க்கும் எட்டுக் காரணிகளே. எண் பெரிதாயிற்றே ஒழியக் காரணி கூடவில்லை. ஆகவே 30 அவ்வகையில் சேராது. அடுத்த வெற்றி ஒன்பது காரணிகள் கொண்ட 36க்கு உரியது. பின்னர் 48, 60, 120, 180, 240, 360 என வரிசை வளர்கிறது. மணிக்கு 60 நிமிடமும் வட்டத்திற்கு 360 பாகையும் எத்துணை வசதியாகப் பங்கிடப்படுகின்றன என்பதை இப்பொழுது உணரலாம்.

எண்கள் பெரிதாகும்போது காரணிகளை ஒவ்வொன்றாக எண்ணுவது இயலாது. அதற்கு ஒரு நல்ல வழியுண்டு. 12 என்பது 2 × 2 × 3. இதன் காரணி ஒன்றை அமைக்க, 2 என்பதை எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம், மூன்று வழிகள். 3 என்பதை விடலாம் அல்லது எடுக்கலாம், இரண்டு வழிகள். மூன்றை இரண்டால் பெருக்க ஆறு. காரணிகளும் ஆறே!

இதே வழியில் நம் பெரிய எண்ணைப் பிரித்துப் பாருங்கள். அதில் 2 ஆறுமுறையும், 3 நான்கு முறையும், 5 இருமுறையும், 7 இருமுறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருக்கப்பட்டுள்ளன. ஆகவே வழிகள் முறையே 7, 5, 3, 3. பிறகு ஐந்து இரண்டுகள். எல்லாவற்றையும் பெருக்கினால் 10 080 வரும். அத்தனை காரணிகள் அவ்வெண்ணுக்கு! 1 முதல் 28 வரை எந்த எண்ணாலும் அது மீதியின்றி வகுபடும். 29இல்தான் முதன்முதலாகத் தடைபடுகிறது. அதனினும் சிறிய எண்கள் அத்தனையிலும் 10 080 காரணிகள் கொண்டது ஒன்றேனும் இல்லை.

இத்தகைய எண்களின் அமைப்பில் ஓர் ஒழுங்கு இருப்பதையும் இராமானுஜன் நிறுவிக் காட்டினார். அவற்றில் 2 வரும் தடவை 3 வரும் தடவையைவிடக் குறைவாக இராது. 3 வரும் தடவை 5ஐவிடக் குறைவாக இராது. இப்படியே படிப்படியாக இறங்கும். இடையில் ஒரு பகா எண் விடுபடவும் மாட்டாது. காரணம் எளிது. 23ஐ எடுத்துவிட்டு அவ்விடத்தில் 29ஐ வைத்தால் எண் பெருக்குமேயன்றிக் காரணிகளின் தொகை கூடாது, வீண் செலவு. இறுதியில் நிற்கும் பகா எண் ஒரே ஒருமுறைதான் வரும். இவ்விதிக்கு விலக்கு இரண்டே எண்கள்: 4, 36. உயர் பகு எண்களுக்குள்ளும் மேலான தகுதியுடையவை என ஓர் உட்பிரிவையும் அவர் வகுத்தார். 2, 6, 12, 60, 120, 360, 2 520, 5 040 என்று அது தொடங்குகிறது. இவற்றுள் 2 520, ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண். வாய்பாடு தெரிந்தவர்கள் சரிபார்த்துக் கொள்ளலாம்.

அவர் வெளியிட்ட பட்டியலில் 102 உயர் பகு எண்கள் இடம் பெற்றன. அதில் ஒன்று மட்டும் விடுபட்டது என்பதைப் பிற்காலக் கணிதர்கள் கண்டனர். அது 293 318 625 600. இதற்கு 5 040 காரணிகள். இந்த எண்ணை 23ஆல் பெருக்கிப் பாருங்கள். இராமானுஜன் பட்டியலின் இறுதியில் நிற்கும் நம் பதின்மூன்று இலக்க எண்ணே கிடைக்கும்! பேரனைக் கண்டவர் பாட்டனைத் தவறவிட்டார் போலும். பல நூறு கோடிகளைக் கைக்கணக்கில் ஆண்ட ஒருவருக்கு இஃதொரு சிறு வழுவே. எனினும் மாபெரும் மேதையின் பட்டியலையும் மீண்டும் ஒருவர் சரிபார்த்திருக்கிறார் என்பது எனக்கு மகிழ்ச்சியளிக்கும் செய்தியாகும்.

இவ்வாய்வுக்காக 1916ஆம் ஆண்டு மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கிடைக்காத பட்டம்! ஆயினும் ஒரு குறை நேர்ந்தது. போர்க் காலத்தில் இலண்டன் கணிதக் கழகம் பண முடையில் இருந்தது. அச்சுச் செலவைக் குறைக்கும் பொருட்டு இராமானுஜனின் கட்டுரையில் ஒரு பகுதியை நிறுத்திவிட்டனர். ஊரில் தாள் வாங்க வழியின்றிச் சிலேட்டில் எழுதியவரின் எழுத்துக்கு, உலகப் புகழ் வாய்ந்த கழகத்திலும் இடம் போதவில்லை. எஞ்சிய பகுதி கையெழுத்தாகவே கிடந்தது.

ஹார்டியும் இராமானுஜனும் இணைந்து செய்த மற்றொரு பெரும்பணி, ஓர் எண்ணைக் கூட்டல்களாகப் பிரிப்பது பற்றியது. 4 என்னும் எண்ணை 4, 3 + 1, 2 + 2, 2 + 1 + 1, 1 + 1 + 1 + 1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 10ஐ 42 வகையாகப் பிரிக்கலாம். 200ஐ எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? மக்மகான் என்னும் அறிஞர் பொறுமையாகக் கையால் கணக்கிட்டு 3 972 999 029 388 என்றார். இதுவும் பதின்மூன்று இலக்கம். 1918இல் ஹார்டியும் இராமானுஜனும் வெளியிட்ட சூத்திரம் அதே விடையைத் தந்தபோது கணித உலகம் வியந்தது.

உடல்தான் அம்மண்ணோடு ஒத்துவரவில்லை. இராமானுஜன் மரக்கறி உணவே உண்பவர், தாமே சமைத்துக்கொள்வார். போரினால் பொருள்கள் தட்டுப்பட்டன. எழுத அமர்ந்தால் உணவையும் உறக்கத்தையும் மறந்துவிடுவார். குளிரோ கொடுமையானது. பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகாலனோபிஸ் அப்போது அங்கு மாணவர். ஒருநாள் இராமானுஜனைக் காணச் சென்றவர், அவர் இரவில் மேற்சட்டையுடன் சால்வையும் போர்த்து நடுங்குவதை அறிந்தார். கட்டிலில் கம்பளிகள் ஒழுங்காக விரித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றினுள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை! மகாலனோபிஸ் அதனை அவருக்குக் காட்டிக் கொடுத்தார். வெப்ப நாட்டில் பாயில் படுத்துறங்கிய பிள்ளைக்கு அஃதெல்லாம் எப்படித் தெரியும்?

1917இல் அவர் நோயுற்றார். மருத்துவ இல்லங்களில் மாறி மாறித் தங்க நேர்ந்தது. இலண்டனின் பட்னி பகுதியில் இருந்த ஒரு மருத்துவ இல்லத்திற்கு ஹார்டி அவரைக் காண வந்தார். தாம் வந்த வாடகைக் காரின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்றும் பேச்சுவாக்கில் கூறினார். இராமானுஜன் படுக்கையிலிருந்தபடியே மறுத்தார். இரண்டு எண்களின் கனங்களைக் கூட்டி இருவேறு வகைகளில் பெறக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்றார். பன்னிரண்டின் கனம் 1 728. ஒன்றின் கனம் 1. கூட்டினால் 1 729. பத்தின் கனம் 1 000. ஒன்பதின் கனம் 729. கூட்டினால் மீண்டும் 1 729!

காரணிகளைப் பார்த்தால் 1 729 வறிய எண்தான். 7 × 13 × 19 என்று பிரியும்; எட்டே காரணிகள். அதற்குச் சற்றுக் கீழேயுள்ள 1 680க்கு நாற்பது காரணிகள் உண்டு. ஆனால் வறிய எண்ணுக்கும் ஒரு தனிச் செல்வம் இருக்கிறது என்பது இராமானுஜனுக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு வேடிக்கையும் அதில் உண்டு. 1, 7, 2, 9 ஆகிய இலக்கங்களைக் கூட்டினால் 19. அதனைத் திருப்பினால் 91. இரண்டையும் பெருக்கினால் 1 729.

1918ஆம் ஆண்டில் இராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு வயது முப்பது. அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியும் அவரைத் தன் ஆய்வுறுப்பினராக ஏற்றது. அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அறிவித்தபோது, தம் பெற்றோருக்கும் தம் செலவுக்கும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர்களின் பள்ளிக் கட்டணத்திற்குப் பயன்படுத்துமாறு 1919 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்தே எழுதினார். கட்டணம் செலுத்த இயலாமல் படிப்பிழந்த நாட்களை அவர் மறக்கவில்லை.

1919ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பம்பாய் வந்திறங்கினார். உடல் மெலிந்திருந்தது. படுத்த படுக்கையிலும் ஜானகி அம்மையார் எடுத்துக் கொடுக்கும் தாள்களில் எழுதிக்கொண்டே இருந்தார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் அவர் உயிர் நீத்தார். வயது முப்பத்திரண்டே. அவர் பிறந்த டிசம்பர் 22ஆம் நாளை 2012ஆம் ஆண்டு முதல் இந்தியா தேசியக் கணித நாளாகக் கொண்டாடி வருகிறது.

அவர் இறுதியாக எழுதிய தாள்களைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1923இல் ஹார்டிக்கு அனுப்பி வைத்தது. அவை கைமாறி, டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் யாரும் அறியாமல் ஒரு பெட்டியில் கிடந்தன. 1976ஆம் ஆண்டில் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் அவற்றைக் கண்டெடுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள். போர்க் காலத்தில் அச்சேறாது நின்ற உயர் பகு எண் கட்டுரையின் எஞ்சிய பகுதியையும் பிரெஞ்சு நாட்டு அறிஞர்களான நிக்கோலாவும் ரோபினும் குறிப்புரைகளுடன் பதிப்பித்தனர். இராமானுஜன் பெயரிலேயே தொடங்கப்பெற்ற ஆய்வேட்டில் 1997இல் அது வெளிவந்தது. முதற்பகுதி அச்சேறி எண்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. கணவரை இழந்த பின் திருவல்லிக்கேணியில் தையற்கலை கொண்டு பல்லாண்டுகள் தம் வாழ்வை நடத்திய ஜானகி அம்மையார், அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1994ஆம் ஆண்டு ஏப்ரலில், தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார்.